டாக்டருக்குப் பதில் டாக்டர்: 1966இல் நடந்தது என்ன?

2025 மே 31 அன்று ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் அந்த ஆண்டுக் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. அதன் நாயகனான டாக்டராக நடித்த ஷூட்டி காட்வாவின் உடல் ஒளியாக வெடித்தது. ஒளி அடங்கியதும் அங்கே நின்றவர் பில்லி பைப்பர். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே தொடரில் டாக்டரின் தோழி ரோஸாக வந்தவர். அதற்குப் பின் ஓடிய பெயர்ப் பட்டியலில் ‘அறிமுகம்: பில்லி பைப்பர்’ என்று மட்டும் இருந்தது. ‘டாக்டராக’ என்ற சொல் இல்லை.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். அவர்தான் புது டாக்டரா? ரோஸ் திரும்பி வந்திருக்கிறாளா? தொடரே முடிந்துவிட்டதா? அதே ஆண்டு அக்டோபரில், டிஸ்னி நிறுவனத்துடனான கூட்டு முடிந்தது என்று பிபிசி அறிவித்ததும் குழப்பம் இரட்டிப்பானது.

ஒரு நாயகன் எப்படி வேறு ஆளாக மாறலாம், மாறினால் பார்ப்பவர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பது புரிய 1966ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஏற்பாடு பிறந்தது அந்த ஆண்டில்தான்.

முதலில் அடிப்படைகள்

டாக்டர் ஹூ 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள். பலர் அதைக் கவனிக்கவே இல்லை. அதனால் அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்பு முதல் பகுதியை மறுபடி போட்டார்கள். இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட்.

கதைக் கரு எளிமையானது. டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர், போலீஸ் தொலைபேசிப் பெட்டி வடிவத்தில் இருக்கும் கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து பயணிக்கிறார். அந்தக் கலத்தின் பெயர் டார்டிஸ். வெளியே பார்த்தால் ஒரு பெட்டி, உள்ளே போனால் மாளிகை. கூடவே இரண்டு மூன்று பேர் பயணிப்பார்கள். இவர்களைத் தோழர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கதையும் நாலு வாரமோ ஆறு வாரமோ ஓடும்.

எதிரிகளில் புகழ்பெற்றவை டாலெக்குகள்: உலோகக் கூண்டுக்குள் வாழும் ஈவிரக்கமற்ற உயிரிகள். அவற்றை உருவாக்கிய எழுத்தாளர் டெர்ரி நேஷனுக்கு அவற்றின் மீது உரிமை இருந்தது. பின்னால் வரும் கணக்குகளுக்கு இது முக்கியம்.

டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். 1908இல் பிறந்தவர். வெள்ளை முடி, முன்கோபம், எப்போதாவது எட்டிப்பார்க்கும் குறும்பு. கண்டிப்பான தாத்தா என்றால் சரியாக இருக்கும்.

46 சனிக்கிழமைகள்

1966இல் 53 சனிக்கிழமைகள் வந்தன. அவற்றில் 46இல் டாக்டர் ஹூ புதுப் பகுதி ஒளிபரப்பானது. இடையில் கிடைத்த ஓய்வு ஜூலை 16க்கும் செப்டம்பர் 10க்கும் நடுவே மட்டும்தான். 2025இல் வந்தவை எட்டே எட்டுப் பகுதிகள்.

வாரத்துக்கு ஒரு பகுதி என்றால் வேலை இப்படி: வார நாட்களில் ஒத்திகை, வாரக் கடைசியில் ஒரே மாலையில் கிட்டத்தட்ட நாடகம் போலப் பதிவு. அந்தக் கால வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது கடினம், செலவும் அதிகம். வசனம் தடுமாறினால் பெரும்பாலும் அப்படியே ஒளிபரப்பாகும். 58 வயது ஹார்ட்னெலுக்கு ரத்தக்குழாய்கள் இறுகும் நோய் வேறு. அது நினைவாற்றலைப் பாதித்தது. வசனங்கள் நழுவின, கோபம் கூடியது. அவருக்குப் பழக்கமான வெரிட்டி லாம்பர்ட் 1965லேயே போய்விட்டிருந்தார். அடுத்து வந்த தயாரிப்பாளர் ஜான் வைல்ஸுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை.

பார்வையாளர் எண்ணிக்கையும் சரிந்துகொண்டிருந்தது. 1965 தொடக்கத்தில் ஒரு பகுதியை 1.3 கோடிப் பேருக்கும் மேல் பார்த்தார்கள். 1966 செப்டம்பரில் ‘தி ஸ்மக்லர்ஸ்’ கதையின்போது அது 40 லட்சம் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த நிலையில் ஒரு தொடரை நிறுத்தியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

நடக்காமல் போன முதல் முயற்சி

நாயகன் கடைசியில் மாறியது 1966 அக்டோபரில். ஆனால் அந்த யோசனை அப்போது திடீரென்று வந்ததல்ல. ஏப்ரலிலேயே ஒரு திட்டம் இருந்தது. ‘தி செலஸ்டியல் டாய்மேக்கர்’ என்ற கதையில், மனிதர்களை விளையாட்டுப் பொம்மைகளாக வைத்துக்கொள்ளும் ஒரு மாயாவி டாக்டரின் உருவத்தை மறைத்துவிடுகிறான். இரண்டு வாரங்களுக்கு ஒரு கையும் குரலும்தான். அந்தச் சாக்கில் ஹார்ட்னெல் விடுமுறைக்குப் போய்வந்தார்.

உருவம் திரும்பும்போது வேறொரு நடிகரைக் கொண்டுவந்துவிடலாம் என்பது வைல்ஸ் தரப்பின் கணக்கு. மாயாவி தவறான உருவத்தைக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? பிபிசி மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்ட்னெலின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. வைல்ஸ் விலகினார், இன்னஸ் லாயிட் வந்தார்.

அந்தத் திட்டம் நடக்காததே நல்லது என்பேன். அது நடந்திருந்தால் மாற்றத்துக்குக் காரணம் ஒரு வில்லனின் மந்திரம். அடுத்த நடிகர் விலகும்போது இன்னொரு மந்திரவாதியைத் தேட வேண்டும். அக்டோபரில் கண்டுபிடித்தது அப்படியில்லை. மாற்றத்துக்கான காரணத்தை நாயகனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் ஏற்கெனவே மாறியிருந்தார்கள்

அந்த ஆண்டு மாறியது டாக்டர் மட்டுமல்ல. ஜனவரி கடைசியில், 12 பகுதி ஓடிய டாலெக் கதையின் முடிவில் சாரா கிங்டம் என்ற பாத்திரம் முதுமையடைந்து தூசியாக உதிர்ந்தது. ஜூனில் ஸ்டீவன் என்ற தோழர் ஒரு கிரகத்து மக்களுக்குத் தலைவராகத் தங்கிவிட்டார். டோடோ என்ற தோழியின் கதைதான் பாவம். ‘தி வார் மெஷின்ஸ்’ கதையின் நடுவில் ஓய்வெடுக்கக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டவள், கடைசியில் ‘நான் வரவில்லை’ என்று சொல்லியனுப்பினாள். விடைபெறும் காட்சிகூட இல்லை.

அதே கதையில் பென் என்ற கப்பல்படை வீரனும் பாலி என்ற செயலாளர் பெண்ணும் சேர்ந்தார்கள். இருவரும் 1966ஆம் ஆண்டு லண்டன்காரர்கள். கதையும் அப்போதைய லண்டனில், புதிதாக எழும்பியிருந்த போஸ்ட் ஆபீஸ் டவரில் நடக்கிறது. வோட்டன் என்ற கணினி தொலைபேசி வழியே மனிதர்களை வசப்படுத்துகிறது, உலகின் மற்ற கணினிகளோடு இணையத் திட்டமிடுகிறது. இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் கிட் பெட்லர், கண் மருத்துவ ஆய்வாளர். லாயிட் அவரை அறிவியல் ஆலோசகராகக் கொண்டுவந்திருந்தார்.

லாயிட்டின் போக்கு தெளிவானது: வரலாற்றுக் கதைகளைக் குறை, நிகழ்காலத்துக்கு வா, பயமுறுத்து. இப்படி ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிக்கொண்டு வந்ததில், 1966 கோடைக்குள் முந்தைய ஆண்டின் தொடரில் மிச்சமிருந்தவர் ஹார்ட்னெல் மட்டும்தான்.

அக்டோபர் 29: என்ன காட்டினார்கள்?

ஹார்ட்னெலின் கடைசிக் கதை ‘தி டென்த் பிளானட்’. அக்டோபர் 8 முதல் 29 வரை நாலு வாரம். கதை நடப்பது 1986இல், தென்துருவத்தில் உள்ள ஒரு விண்வெளித் தளத்தில். பூமியின் இரட்டைக் கிரகமான மோண்டாஸ் திரும்பி வருகிறது. அதிலிருந்து சைபர்மேன்கள் இறங்குகிறார்கள்.

இந்தச் சைபர்மேன்களிடம் கொஞ்சம் நிற்கலாம். ஒரு காலத்தில் நம்மைப் போன்ற மனிதர்கள். உடல் தளரத் தளர ஒவ்வொரு உறுப்பாகச் செயற்கை உறுப்பு மாற்றிக்கொண்டே போனவர்கள். கடைசியில் உணர்ச்சி என்பதே ஒரு பலவீனம் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். பெட்லரின் உள்ளத்தில் இருந்த பயம் இதுதான். உலகின் முதல் மனித இதய மாற்று அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்த காலம் அது.

பிற்காலத்தில் பளபளக்கும் வெள்ளி ரோபோக்களாக மாறிய இவர்கள், முதல் கதையில் துணி மூடிய முகத்தோடு, தலையில் ஒரு விளக்கோடு வருகிறார்கள். கைகள் மட்டும் வெறும் மனிதக் கைகள். பேசும்போது வாய் திறந்து அப்படியே நிற்கும். உதடு அசையாமல் முழு வாக்கியமும் இழுத்து இழுத்துப் பாடுவது போல வெளியே வரும். அந்தக் கைகளைப் பார்க்கும்போதுதான் உண்மையில் பயமாக இருக்கும்.

உடலின் பாகங்களை மாற்றி மாற்றித் தன்னை இழந்தவர்களைப் பற்றிய கதையின் முடிவில், முழு உடலும் மாறியும் தன்னை இழக்காத ஒருவர் வருகிறார். திட்டமிட்டுப் பொருத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான கதை அமைந்திருக்க முடியாது.

மூன்றாம் பகுதிப் பதிவின்போது ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் மயங்கி விழுந்துவிட்டதாகக் காட்டி, அவருடைய வசனங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இதுவும் கதைக்கு உதவியது. நாலாம் பகுதியில் அவர் தன் பழைய உடம்பு நைந்துபோய்விட்டது என்கிறபோது, முந்தைய வாரமே அதைப் பார்த்துவிட்டோமே என்று தோன்றும்.

எதிரி ஒழிந்ததும் எல்லாம் முடிந்தது என்கிறான் பென். இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பனியில் தடுமாறி டார்டிஸுக்குப் போகிறார் டாக்டர். உள்ளே விசைகள் தாமாக அசைகின்றன. அவர் தரையில் விழுகிறார். முகம் வெளுத்து ஒளியில் கரைகிறது. ஒளி குறையும்போது அதே இடத்தில் புது நடிகர் பேட்ரிக் ட்ரௌட்டனின் முகம்.

கணினி வரைகலை இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? இரண்டு முகங்களின் படத்தையும் மிக்சிங் மேசையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்லக் கலந்தார்கள். அன்று அந்த மேசையில் ஒரு கோளாறு இருந்தது. அதனால் படம் அளவுக்கு மீறி வெளுத்துப் பொங்கியது. மேசையை இயக்கிய ஷெர்லி கவர்ட் அந்தக் கோளாறையே பயன்படுத்திக்கொண்டார். பதிவான நாள் அக்டோபர் 8. அதே நாள் மாலைதான் கதையின் முதல் பகுதி ஒளிபரப்பானது.

ஏன் ஏற்றுக்கொண்டார்கள்?

நம் தொலைக்காட்சித் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு அட்டை போடுவார்கள். கதைக்குள் யாருக்கும் எதுவும் தெரியாது. நேற்றுவரை வேறு முகமாக இருந்த மருமகளுக்கு மாமியார் வழக்கம்போலக் காபி கொடுப்பார். ஜேம்ஸ் பாண்டு படங்களிலும் ஏறக்குறைய இதே வழிதான், அட்டை மட்டும் கிடையாது.

டாக்டர் ஹூ செய்தது வேறு: முகம் மாறியது கதைக்குள் இருப்பவர்களுக்கும் தெரியும். நம்மில் பலருக்கு உடனே கூடு விட்டுக் கூடு பாய்தல் ஞாபகம் வரும். அதுவும் இல்லை. திருமூலர் கதையில் மூலனின் உடல் ஏற்கெனவே இருக்கிறது, உயிர் அதற்குள் போகிறது. இங்கே வேறு உடல் கிடையாது. இருக்கும் உடலே புதிதாகிறது, குணமும் கொஞ்சம் மாறுகிறது.

இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரே இரவில் செய்தும் தொடர் பிழைத்ததற்கு, மாறாமல் வைத்த விஷயங்களே காரணம் என்பது என் கணிப்பு.

1. தோழர்கள் அப்படியே இருந்தார்கள். நவம்பர் 5 அன்று தொடங்கிய ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையில் பாலி ஓரளவு நம்புகிறாள், பென் நம்பவில்லை. வந்திருப்பவர் விரலில் பழைய மோதிரம் நிற்காமல் நழுவுகிறது. ‘பார், இவர் அவர் இல்லை’ என்கிறது பென்னின் முகம். வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் சந்தேகத்தை அவன் வாயிலாகவே கேட்டுவிட்டார்கள். டாக்டரும் நேராகப் பதில் சொல்வதில்லை. பழைய டாக்டரைப் பற்றி யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் போலப் பேசுகிறார், குழலை எடுத்து ஊதுகிறார், கண்ணாடியில் ஒரு கணம் பழைய முகத்தைப் பார்க்கிறார்.

2. எதிரி அவரை அடையாளம் கண்டான். இந்தத் தந்திரத்துக்கு எழுத்தாளர் டேவிட் விட்டேக்கரைப் பாராட்ட வேண்டும். ஒரு டாலெக் உயிர்பெற்று எழுகிறது. அதன் கண் டாக்டரை நோக்கித் திரும்பி நிற்கிறது. மனிதர்களிடம் தான் அவர்களுடைய வேலைக்காரன் என்று பணிவாக நடிக்கும் அதே டாலெக்குக்கு, இவர் யாரென்று தெரிந்திருக்கிறது. நண்பன் சந்தேகப்படுகிறான், எதிரி சந்தேகப்படவில்லை. அதன்பின் பென்னுக்கும் வாதம் செய்ய எதுவும் இல்லை.

3. இடைவெளி ஒரு வாரம்தான். அக்டோபர் 29 சனிக்கிழமை முகம் மாறியது, நவம்பர் 5 சனிக்கிழமை புது முகம் பேசியது. ஊகங்களுக்கு நேரமே கொடுக்கவில்லை. ட்ரௌட்டன் வருகிறார் என்பது செப்டம்பரிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது.

4. விளக்கம் மிகக் குறைவு. புதுப்பிக்கப்பட்டேன், டார்டிஸின் ஒரு பகுதி அது, அது இல்லாமல் பிழைத்திருக்க முடியாது. இவ்வளவுதான் சொன்னார். ‘ரீஜெனரேஷன்’ என்ற சொல்லே அப்போது கிடையாது, அது 1974இல்தான் வந்தது. அவர் டைம் லார்ட் என்ற இனத்தவர் என்பதே 1969இல்தான் தெரிந்தது.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிபிசியின் பார்வையாளர் ஆய்வில், மேதையாக இருந்தவரைக் கோமாளியாக்கிவிட்டீர்கள் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் எண்ணிக்கை 80 லட்சத்தை ஒட்டிப் போய் அங்கேயே நின்றது. திட்டியபடியே பார்த்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பக்கம்

இந்த ஆண்டின் வியாபாரப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆகஸ்டில் பீட்டர் குஷிங் நடித்த இரண்டாவது டாலெக் திரைப்படம் வந்தது. முந்தைய ஆண்டுப் படத்தின் அளவு ஓடவில்லை, மூன்றாவது எடுக்கப்படவில்லை. டெர்ரி நேஷன் டாலெக்குகளை அமெரிக்காவில் தனித் தொடராக்க முயன்றுகொண்டிருந்தார். 1967க்குப் பின் 1972 வரை டாலெக்குகளை மையமாக வைத்த புதுக் கதை வரவே இல்லை. அந்த ஐந்தாண்டு வெற்றிடத்தை நிரப்பியவர்களில் முக்கியமானவர்கள் சைபர்மேன்கள். அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. அதன் நாயகர்கள் மாறுவதற்கு இப்படி ஒரு வழி கிடையாது, பல ஆண்டுகள் புதுக் கப்பல், புது அணி என்றுதான் போக வேண்டியிருந்தது.

பின்னால் எழுதப்பட்ட விதிகள்

1966இல் விட்ட வெற்றிடத்தைப் பிற்கால எழுத்தாளர்கள் விதிகளால் நிரப்பினார்கள். 1976இல் ஒரு டைம் லார்ட் 12 முறைதான் மாறலாம் என்று ஒருவர் எழுதிவைத்தார். 2013இல் அந்த எண் தீர்ந்துபோக, புது சுற்று ஒன்றைப் பரிசாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். 2017இல் டாக்டர் பெண்ணாக மாறினார், ஜோடி விட்டேக்கர் வந்தார். அப்புறம் 2022இல் அவர் முகம் மாறியபோது வந்தது, முன்பே பத்தாவது டாக்டராக இருந்த டேவிட் டென்னன்ட்டின் அதே முகம். 2023இல் அவர் மாறாமலே இரண்டாகப் பிரிந்தார், அந்த இரண்டாமவர்தான் காட்வா.

ஆக, பழைய முகம் திரும்பி வருவதற்கு முன்னுதாரணம் உண்டு. பைப்பர் டாக்டராக இருக்க விதிப்படி எந்தத் தடையும் இல்லை.

அப்படியானால் 2025இல் ஏன் குழப்பம்?

மேலே சொன்ன நாலு புள்ளிகளையும் இப்போது வைத்துப் பாருங்கள். மாற்றம் நடந்தபோது பக்கத்தில் ‘நீ யார்?’ என்று கேட்கத் தோழர் யாரும் இல்லை. அடையாளம் காண எதிரியும் இல்லை. நடிகர் என்ன பாத்திரம் என்பதைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட, அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. தொடரின் எழுத்தாளர் ரஸல் டி டேவிஸ் எழுதும் சிறப்புப் பகுதி 2026 கிறிஸ்துமஸுக்கு என்றுதான் பிபிசி அறிவித்தது. ஒரு வாரத்தில் கடந்த பள்ளத்தை ஒன்றரை ஆண்டில் கடக்கச் சொல்கிறார்கள். முகம் மாறியதால் வந்த குழப்பம் அல்ல இது. பென்னுக்கும் பாலிக்கும் அடுத்த வாரமே கிடைத்த அந்த இருபத்தைந்து நிமிடப் பகுதி 2025இல் யாருக்கும் கிடைக்கவில்லை.

1966இன் அந்தப் பகுதிகளைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ‘தி டென்த் பிளானட்’ கதையின் முதல் மூன்று பகுதிகள் இருக்கின்றன, நாலாவது தொலைந்துவிட்டது. ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ ஆறு பகுதிகளும் இல்லை. பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது அன்றைய பிபிசி வழக்கம். ரசிகர்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்ததால் குரல் பிழைத்தது. அந்தக் குரலுக்கு அனிமேஷன் சேர்த்து 2016 நவம்பர் 5 அன்று, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, வெளியிட்டார்கள். முகம் மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும் அசலாகவே இருக்கின்றன. 1973இல் ‘ப்ளூ பீட்டர்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார்கள், அந்த நிகழ்ச்சியின் நாடாவை யாரும் அழிக்கவில்லை.